களச்சோதனை செய்யப் பழகுவது: பொருளாதார ஆய்வாளருக்கான செய்முறை

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்கள். பெற்றோர் சிலர் மாலையில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வருகிறார்கள். ஆய்வாளர்கள் யூரி க்னீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் முதல் 4 வாரம் எதையும் மாற்றவில்லை. தாமதமாக வருகிறவர்களை எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தார்கள். 5-ஆம் வாரம் 6 காப்பகங்களில் அபராதம் வந்தது: 10 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் பிள்ளைக்கு 10 ஷெக்கல். மற்ற 4 காப்பகங்களில் எல்லாம் பழையபடியே. அபராதம் வந்த இடங்களில் தாமதம் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது கூடியது, கிட்டத்தட்ட இரண்டு மடங்காக. 17-ஆம் வாரம் அபராதத்தை எடுத்த பிறகும் தாமதம் பழைய நிலைக்கு இறங்கவில்லை. காசு கொடுத்தால் தாமதமாக வரலாம் என்று பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

2000-இல் வெளியான இந்தச் சிறிய ஆய்வில் ஒரு களச்சோதனையின், அதாவது ஆய்வுக்கூடத்துக்கு வெளியே மக்கள் வாழும் இடத்திலேயே நடத்தும் சோதனையின், உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன: தலையிடும் முன் எடுத்த அளவு, யாரும் தொடாத ஒப்பீட்டுக் குழு, ஒரே ஒரு மாற்றம், கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய நடத்தை. இந்த வேலையைத் தொழிலாக எடுக்க விரும்புகிறவர்கள் புள்ளியியல் மென்பொருளைத் திறப்பதற்கு முன் இந்த நான்கையும் தங்கள் திட்டத்தில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். களச்சோதனைகள் பெரும்பாலும் கடைசிக் கணக்கில் தோற்பதில்லை. யாருக்கு எது போகிறது, அதை யார் எப்படி அளக்கிறார்கள் என்ற முடிவுகளில், முதல் சர்வே தொடங்கும் முன்பே தோற்றுவிடுகின்றன.

கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

யாருக்கு, எதைக் கொடுத்தால், எதைக் கொடுக்காதவர்களோடு ஒப்பிட, எந்த நடத்தை, எத்தனை நாளில் மாறுகிறது? இந்த ஐந்து இடங்களையும் நிரப்ப முடியாத கேள்வி இன்னும் சோதனைக்குப் பழுக்கவில்லை. "நிதி அறிவு மக்களுக்கு உதவுமா" என்பது கேள்வியே ஆகாது. "சம்பள நாளுக்கு முந்தைய நாள் சேமிப்பு நினைவூட்டல் குறுஞ்செய்தி பெறும் கணக்குதாரர்களின் இருப்பு, பெறாதவர்களைவிட 6 மாதத்தில் கூடுகிறதா" என்பது கேள்வி.

அடுத்த சோதனை: விடை "ஆம்" என்றாலும் "இல்லை" என்றாலும் யாராவது ஒரு முடிவை மாற்றிக்கொள்வார்களா? கென்யாவில் ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் டூபாவும் எடுத்த கேள்வி அப்படிப்பட்டது. கொசுவலையை இலவசமாகக் கொடுத்தால் மக்கள் மதித்துப் பயன்படுத்த மாட்டார்கள், சிறு விலையாவது வைக்க வேண்டும் என்ற வாதம் அன்று வலுவாக இருந்தது. 20 கர்ப்பிணி மருத்துவ மையங்களில் விலையை மாற்றிப் பார்த்தார்கள். இலவசத்திலிருந்து 60 அமெரிக்க சென்ட்டுக்கு விலை ஏறியபோது வாங்குவோர் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாக வாங்கியவர்கள் வலையைக் குறைவாகப் பயன்படுத்தியதாகவும் தெரியவில்லை. வாங்குவதையும் பயன்படுத்துவதையும் இரண்டு தனி நடத்தைகளாக அளந்ததால்தான் வாதம் தீர்ந்தது. ஒன்றை மட்டும் அளந்திருந்தால் இரு தரப்பும் தத்தம் பேச்சைத் தொடர்ந்திருக்கும்.

கருத்தைக் கேட்பதைவிடச் செயலை எண்ணுவது எப்போதும் மேல். "சேமிப்பீர்களா" என்று கேட்காதீர்கள், கணக்கு இருப்பைப் பாருங்கள்.

களம் எவ்வளவு தூரம் களமாக இருக்க வேண்டும்

2004-இல் கிளென் ஹாரிசனும் ஜான் லிஸ்ட்டும் களச்சோதனைகளை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். ஆய்வுக்கூட விளையாட்டையே கல்லூரி மாணவர்களுக்குப் பதிலாக அந்தத் தொழிலில் இருப்பவர்களை வைத்து நடத்துவது முதல் படி. பொருளும் சூழலும்கூட உண்மையானவை, ஆனால் சோதனையில் இருக்கிறோம் என்று பங்கேற்பவருக்குத் தெரியும் என்பது இரண்டாவது. தன் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருப்பவருக்கு அது சோதனை என்பதே தெரியாதது மூன்றாவது.

படி ஏற ஏற நடத்தை இயல்பாகும், உங்கள் கட்டுப்பாடு குறையும். லிஸ்ட் தன் ஆய்வு வாழ்க்கையின் தொடக்கத்தில் விளையாட்டு அட்டை வாங்கி விற்கும் சந்தைகளை ஆய்வுக்களம் ஆக்கினார். கையில் இருக்கும் பொருளை மனிதர்கள் மிகையாக மதிக்கிறார்கள் என்பது ஆய்வுக்கூடங்கள் திரும்பத் திரும்பக் காட்டிய முடிவு. பழுத்த வியாபாரிகளிடம் அந்தப் போக்கு பெரிதும் மறைந்துவிடுகிறது என்று 2003-இல் அவர் காட்டினார். அதற்குப் பெரிய நிதி தேவைப்படவில்லை. அந்தச் சந்தை எப்படி இயங்குகிறது என்ற நெருக்கமான அறிவு தேவைப்பட்டது. தொடங்குகிறவர்களுக்கு எங்கள் ஆலோசனையும் இதுதான்: உங்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்த ஒரு தொழிலை முதல் களமாக எடுங்கள்.

குலுக்கலின் அலகு: ஆளா, கூட்டமா?

யார் எந்தக் குழு என்பதைத் தற்செயலாகத் தீர்மானிப்பதுதான் குலுக்கல். ஒவ்வோர் ஆளாகக் குலுக்குவதா, பள்ளி, ஊர் என்று கூட்டமாகக் குலுக்குவதா என்பது அதன் அலகு. இங்கே தவறினால் பிறகு எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாது. மேற்குக் கென்யாவின் புசியா பகுதியில் எட்வர்ட் மிகுவெலும் மைக்கேல் கிரெமரும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, மீதிக்கு இல்லை என்று பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மருந்து சாப்பிட்ட பிள்ளையால் புழு பரவுவது குறைகிறது, பக்கத்தில் இருக்கும் மருந்து சாப்பிடாத பிள்ளைக்கும் நன்மை போய்ச்சேர்கிறது. இரண்டு பேருக்கும் இடையே வித்தியாசம் சுருங்கித் தெரியும், மருந்தால் பலன் இல்லை என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். இதைத்தான் கசிவு என்கிறோம். அவர்கள் 75 பள்ளிகளைப் பள்ளிவாரியாக மூன்று குழுவாகப் பிரித்து, 1998, 1999, 2001 என்று ஒவ்வொரு குழுவாக மருந்தைத் தொடங்கினார்கள். கடைசியில் எல்லாப் பள்ளிக்கும் மருந்து கிடைத்தது, யார் முதலில் என்பதைத்தான் ஒதுக்கீடு தீர்மானித்தது. யாரையும் நிரந்தரமாக ஒதுக்கிவைக்க மனம் இல்லாத கூட்டாளி நிறுவனத்தோடு வேலை செய்யும்போது இந்த வரிசைமுறை மிகவும் கைகொடுக்கும்.

கசிவு எதன் வழியாக வரும் என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பேச்சு, பொருளைப் பகிர்வது, நோய்த்தொற்று, ஒரே சந்தையில் விலை மாறுவது, ஒரே ஊழியர் இரு குழுவையும் கவனிப்பது. இவற்றில் ஒன்று வலுவாக இருந்தாலும், அது ஓடும் எல்லைக்கு மேலே உள்ள அலகைக் குலுக்கலுக்கு எடுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்

புதியவர்கள் மிகக் குறைவாக நேரம் செலவழிப்பது இங்கேதான், மிக அதிகமாக வருந்துவதும் இங்கேதான்.

80 சதவீதத் திறன் (விளைவு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீத முக்கியத்துவ மட்டம் (விளைவே இல்லாதபோது இருப்பதாகத் தவறாகச் சொல்லும் வாய்ப்பு), சம அளவில் இரண்டு குழு என்றால் மனக்கணக்கு ஒன்று உண்டு. எதிர்பார்க்கும் விளைவைத் திட்ட விலக்கத்தால் (ஆளுக்கு ஆள் மதிப்பு எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) வகுத்து, அதன் வர்க்கத்தால் 16-ஐ வகுத்தால் ஒரு குழுவுக்கு வேண்டிய ஆள் கணக்கு வரும். விளைவு 0.2 திட்ட விலக்கம் என்றால் குழுவுக்கு 400 பேர். 0.1 என்றால் 1,600 பேர். விளைவு பாதியானால் மாதிரி நான்கு மடங்கு. விகிதங்களில் இது இன்னும் கடுமையாக உறைக்கும்: ஒரு நடத்தை 10 சதவீதத்திலிருந்து 15-க்கு ஏறுவதைக் கண்டுபிடிக்கக் குழுவுக்குச் சுமார் 680 பேர் போதும். 10-லிருந்து 12-க்கு ஏறுவதைக் கண்டுபிடிக்கச் சுமார் 3,800 பேர் வேண்டும்.

ஆளுக்குப் பதிலாக ஊர், பள்ளி போன்ற கொத்துகளைக் குலுக்கினால் இந்த எண்ணை 1 + (ஒரு கொத்தில் உள்ள ஆள் − 1) × உள்தொடர்பு என்பதால் பெருக்க வேண்டும். உள்தொடர்பு என்பது ஒரே கொத்தில் இருப்பவர்கள் எவ்வளவு ஒரே மாதிரி என்பதன் அளவு. கொத்துக்கு 20 பேர், உள்தொடர்பு 0.05 என்று வையுங்கள். பெருக்கும் எண் 1.95. அதனால் 400 என்பது 780 ஆகிறது, அதாவது குழுவுக்கு 39 கொத்து. பயணச் செலவை மிச்சப்படுத்தக் கொத்துக்கு 40 பேரிடம் கேட்டால்? பெருக்கும் எண் 2.95, மொத்தம் 1,180 பேர், 30 கொத்து. நேர்காணல் ஒன்றரை மடங்கு கூடியும் குறைந்தது 9 கொத்துதான். கையில் காசு இருந்தால் கொத்தைக் கூட்டுங்கள், கொத்துக்குள் ஆளைக் கூட்டாதீர்கள்.

இதைவிடக் கொடியது திட்டத்தை ஏற்காதவர்கள். அழைக்கப்பட்டவர்களில் பாதிப் பேர்தான் பயிற்சிக்கு வருகிறார்கள் என்றால் இரு குழுவுக்கும் இடையே தெரியும் வித்தியாசமும் பாதியாகிறது. 400 பேர் இப்போது 1,600 பேர். கால்வாசிப் பேர் வந்தால் 6,400. "எல்லோரும் ஆர்வமாக வருவார்கள்" என்று கூட்டாளி நிறுவனம் சொல்லும் எண்ணை அப்படியே கணக்கில் போடாதீர்கள். முன்னோட்டத்தில் வந்த எண்ணைப் போடுங்கள்.

செலவில்லாமல் திறனைக் கூட்ட நல்ல வழி தொடக்க அளவு. அளக்கும் நடத்தையின் தொடக்க மதிப்புக்கும் இறுதி மதிப்புக்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு, முழுமையாக ஒத்தால் 1) 0.7 இருந்தால், தொடக்க மதிப்பைப் பகுப்பாய்வுச் சமன்பாட்டில் சேர்ப்பதால் தேவையான மாதிரி ஏறக்குறைய பாதியாகிறது. வருமானம், லாபம் போல மாதத்துக்கு மாதம் ஆடும் அளவுகளில் ஒட்டுறவு குறைவாக இருக்கும். அங்கே இறுதியில் ஒரே முறை அளப்பதைவிடச் சில மாத இடைவெளியில் இரண்டு மூன்று முறை அளப்பது பலன் தரும்.

குலுக்கலைச் செய்வது

ஒன்றுவிட்டு ஒன்று எடுப்பது, பெயரின் முதல் எழுத்து, பதிவு எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதெல்லாம் குலுக்கல் ஆகாது. அடுத்து எந்தக் குழு என்று ஊழியரால் ஊகிக்க முடிந்தால் அவருக்குப் பிடித்தவர் சரியான இடத்தில் வந்து நிற்பார். எக்ஸெல்லின் தற்செயல் எண் சார்பும் ஆபத்து: தாளில் எதைத் தொட்டாலும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். யாருக்கு எது வந்தது என்று மறுநாள் நிரூபிக்க முடியாது.

சரியான வரிசை இது. முதலில் பட்டியலில் இரட்டைப் பதிவுகளை நீக்கி, ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் கொடுங்கள். தொடக்க சர்வேயை முடியுங்கள். ஒதுக்கீடு தெரிந்த பிறகு எடுக்கும் தொடக்க சர்வேயில் பதில்களே மாறிவிடும். பிறகு பட்டியலைப் பூட்டி, அடையாள எண்படி வரிசைப்படுத்தி, ஆர் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் விதை எண்ணை (அதே தற்செயல் வரிசையை மறுபடி வரவழைக்க உதவும் தொடக்க எண்) குறித்து ஒதுக்கீட்டை ஓட்டுங்கள். விளைவோடு வலுவாகத் தொடர்புடைய ஒன்றிரண்டு பண்புகளால் அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் தனியாக ஒதுக்குவது நல்லது. ஏழெட்டுப் பண்புகளால் அடுக்கினால் ஓர் அடுக்கில் ஒரே ஆள் மிஞ்சும் நிலை வரும்.

ஒதுக்கிய பிறகு குழுக்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும்போது பதற வேண்டாம். 20 பண்புகளைப் பார்த்தால் ஒன்று தற்செயலாகவே 5 சதவீத மட்டத்தில் வேறுபட்டு நிற்கும். அழகான அட்டவணை வரும்வரை மறுபடி மறுபடி குலுக்குவது கூடாது. மறுகுலுக்கல் செய்வதென்றால் அதன் விதியை முன்கூட்டியே எழுதிவைத்து, அதே விதியைப் பகுப்பாய்விலும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கூட்டாளி நிறுவனமும் நல்ல மனசும்

ஒப்பீட்டுக் குழுவைக் கெடுப்பது பெரும்பாலும் இரக்கம்தான். களத்தில் இருக்கும் ஊழியர் வறுமையில் வாடும் ஒரு குடும்பத்தைப் பார்க்கிறார், அது ஒப்பீட்டுக் குழுவில் இருக்கிறது, அவர் கையில் பொருள் இருக்கிறது. கொடுத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு: குலுக்கலுக்கு முன்பே நிறுவனம் தன் விருப்பப்படி கொடுக்கச் சில இடங்களை ஒதுக்கி, அந்தக் குடும்பங்களை ஆய்விலிருந்து முழுமையாக நீக்கிவிடுங்கள். 500-இல் 10 இடம் போனால் நட்டமில்லை, களவாக 40 இடம் போனால் ஆய்வே போச்சு.

எழுத்து ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் கட்டாயம்: ஒதுக்கீட்டுப் பட்டியல் யாரிடம் இருக்கும், அதை யார் மாற்றலாம் (யாரும் கூடாது), தரவு யாருடையது, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடும் உரிமை. கடைசியானதை நட்பு நன்றாக இருக்கும்போதே கையெழுத்தாக வாங்குங்கள். பலன் இல்லை என்ற முடிவு கைக்கு வந்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

அளவைப் பிழையில்லாமல் எடுப்பது

ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் எஸ்தர் டுஃப்லோ, ரேமா ஹன்னா, ஸ்டீபன் ரயன் ஆகியோர் நடத்திய ஆய்வைக் கிட்டத்தில் பாருங்கள். ஓராசிரியர் பள்ளிகளில் ஆசிரியருக்கு ஒரு கேமரா. தேதியும் நேரமும் பதிவாகும், திருத்த முடியாது. பள்ளி தொடங்கும்போது பிள்ளைகளோடு ஒரு படம், முடியும்போது ஒரு படம். வந்த நாள்களின் கணக்கில் சம்பளம். ஆசிரியர் வராத விகிதம் 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதத்துக்கு இறங்கியது.

இந்த எண்கள் கேமராவிலிருந்து எடுத்தவை அல்ல. ஒப்பீட்டுப் பள்ளிகளில் கேமராவே கிடையாது, அதனால் கேமராவை வைத்து இரு குழுவையும் ஒப்பிட முடியாது. இரு வகைப் பள்ளிகளுக்கும் முன்னறிவிப்பில்லாமல் ஆள் போய்ப் பார்த்த வருகைகளிலிருந்து வந்தவை. திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கும் கருவியையே அளவுகோலாகவும் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கணக்கு நோட்டு வைத்திருப்பார்கள், லாபக் கணக்கை அதிலிருந்து எடுப்பார்கள், ஒப்பீட்டுக் குழுவிடம் நினைவிலிருந்து கேட்பார்கள். கடைசியில் வரும் வித்தியாசம் பயிற்சியால் வந்ததா நோட்டால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே கருவி, ஒரே மாதம், ஒரே சர்வே ஊழியர்கள், இரு குழுவுக்கும். யார் எந்தக் குழு என்பது ஊழியருக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

வினாத்தாளை மொழிபெயர்த்ததும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில்தான் களத்தில் குழப்பம் வரும். பதில்களில் பத்தில் ஒரு பங்கையாவது வேறு ஊழியர் மறுபடி போய்ச் சரிபார்க்க வேண்டும், அதுவும் முதல் வாரத்திலிருந்தே. தரவை அன்றன்று இரவு பாருங்கள்: ஒரு நேர்காணல் எத்தனை நிமிடம், "தெரியாது" எத்தனை, ஒரே ஊழியரின் பதில்கள் சந்தேகப்படும்படி ஒரே மாதிரி இருக்கின்றனவா. "ஆம்" என்றால் கூடுதல் கிளைக் கேள்விகள் திறக்கும் இடங்களில் "இல்லை" என்ற பதில் வாரத்துக்கு வாரம் கூடினால் ஊழியர் களைத்துவிட்டார், வினாத்தாள் நீளம் என்று பொருள்.

ஒப்புதலும் முன்பதிவும்

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் முன்னோட்டம்கூடக் கூடாது. 1979-இன் பெல்மான்ட் அறிக்கை வகுத்த மூன்று கேள்விகள் இன்றும் போதும்: மனிதரை மதிக்கிறோமா, நன்மை தீங்கைவிட மிகுதியா, சுமையும் பலனும் நியாயமாகப் பங்கிடப்படுகின்றனவா. பங்கேற்பவருக்குத் தெரியாமல் நடக்கும் சோதனைகளில் இது கடினம். மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகர வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வெள்ளையர் பெயராகத் தோன்றியவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றியவற்றைவிட 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. முதலாளியிடம் முன்பே சொல்லியிருந்தால் இந்த உண்மை வெளிவந்திருக்காது. அதே சமயம் அவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதும் உண்மை. ஆகவே இப்படிப்பட்ட வடிவத்தில் அழைப்பு வந்தவுடன் மறுத்துவிடுவது, ஓர் இடத்துக்கு அனுப்பும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது போன்ற காப்புகளை முன்பே எழுதிவைக்க வேண்டும்.

அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2013 முதல் களச்சோதனைகளுக்கான பதிவேடு வைத்திருக்கிறது. களம் தொடங்கும் முன் அங்கே முதன்மை அளவு எது, மாதிரி எவ்வளவு, எந்த உட்பிரிவுகளைப் பார்ப்பீர்கள் என்று பதியுங்கள். 30 விளைவுகளை அளந்து, மின்னிய இரண்டைப் பேசுகிற சபலத்துக்கு இதைவிட நல்ல வேலி இல்லை.

தரவு வந்த பிறகு

முதலில் பார்க்க வேண்டியது எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதை. இரு குழுவிலும் 10 சதவீதம் போயிருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஒன்றில் 5, மற்றதில் 15 என்றால் முடிவை நம்ப முடியாது, விடுபட்டவர்களையும் சேர்த்தால் விளைவு குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்ற எல்லைகளைக் கணக்கிட்டுத்தான் பேச வேண்டும். இதைத் தடுக்கும் வேலை தொடக்க சர்வேயிலேயே இருக்கிறது: ஊர் மாறினாலும் இவரைக் கண்டுபிடிக்க உதவக்கூடிய இரண்டு மூன்று பேரின் தொடர்பு எண்ணை அப்போதே வாங்கிவிடுங்கள். இறுதியில் கிடைக்காதவர்களில் ஒரு பகுதியைக் குலுக்கி எடுத்து, அவர்களை மட்டும் முழு மூச்சாகத் தேடுவதும் நல்ல உத்தி.

பகுப்பாய்வில் முதல் எண், ஒதுக்கப்பட்டபடி இரு குழுவின் வித்தியாசம். வந்தவர்களை மட்டும் பிரித்து வராதவர்களோடு ஒப்பிடாதீர்கள், அந்த நொடியில் குலுக்கலை நீங்களே கலைத்துவிடுகிறீர்கள். ஏற்றவர்கள் மீதான விளைவு வேண்டுமென்றால் ஒதுக்கீட்டைக் கருவி மாறியாக வைத்து (எளிய வடிவில், இரு குழுவின் வித்தியாசத்தை அவற்றில் திட்டத்தை ஏற்றவர் விகித வித்தியாசத்தால் வகுத்து) தனியாகக் கணக்கிடலாம். எந்த அலகைக் குலுக்கினீர்களோ அந்த அலகில்தான் திட்டப் பிழையையும் (மதிப்பீடு தற்செயலாக எவ்வளவு ஆடலாம் என்பதன் அளவு) கணக்கிட வேண்டும். 10, 20 கொத்துகளே இருந்தால் வழக்கமான வாய்பாடு பிழையைக் குறைத்துக் காட்டும். ஒதுக்கீட்டையே ஆயிரக்கணக்கான தடவை கணினியில் மாற்றிமாற்றிக் குலுக்கி, உங்கள் முடிவு அவற்றில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

வித்தியாசம் வராத முடிவையும் முழுதாக எழுதுங்கள். டீன் கார்லனும் ஜான் லிஸ்ட்டும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் அமெரிக்கத் தொண்டு அமைப்பின் பழைய நன்கொடையாளர்களுக்கு 50,083 கடிதங்கள் போயின. "நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் இன்னொருவர் ஈடாகக் கொடுப்பார்" என்ற வரி கடிதத்துக்கு வந்த வருவாயை 19 சதவீதம் கூட்டியது. ஒன்றுக்கு ஒன்று என்றாலும், ஒன்றுக்கு மூன்று என்றாலும் பலன் ஒன்றுதான். நிதி திரட்டுகிறவருக்கு இந்த "வித்தியாசம் இல்லை" மிகவும் பயன்படும் செய்தி. மாதிரி அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் அதை நம்பிச் சொல்ல முடிந்தது.

இந்தத் துறைக்குள் நுழைய வழக்கமான வாசல், நடந்துகொண்டிருக்கும் ஒரு திட்டத்தில் ஒன்றிரண்டு ஆண்டு ஆய்வு உதவியாளராக இருப்பது. அங்கே முதலில் கேட்டு வாங்க வேண்டிய வேலை சரிபார்ப்பு வருகையும் தரவுத் துப்புரவும். கட்டுரையில் இவை ஒரு பத்திகூட வராது, ஆனால் ஒரு சர்வே எங்கே பொய்யாகிறது என்பது வேறெங்கும் பிடிபடாது.

வெளியிடும் முன் பெயர், தொடர்பு எண், இட விவரங்களைத் தரவிலிருந்து பிரித்துக் குறியாக்கம் செய்து தனியே வையுங்கள். மீதிக் கோப்புகளையும் பகுப்பாய்வு நிரலையும் உங்கள் கணினியில் இல்லாமல் வேறொருவருடையதில் முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். ஒதுக்கீட்டு நிரலில் விதை எண்ணோடு மென்பொருளின் பதிப்பு எண்ணும் இருக்கட்டும்: 2019-இல் ஆர் 3.6.0 பதிப்பு மாதிரி எடுக்கும் முறையை மாற்றியபோது அதே விதை எண் வேறு பட்டியலைத் தரத் தொடங்கியது. குலுக்கல் நாளன்று வந்த பட்டியலையே தேதியிட்டுத் தனிக் கோப்பாகச் சேமித்து, யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள்.